சமையலறைக்குக் கீழே ஒரு காசு மெஷின்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் முதல் வீடு ஒரு பியர்க்கடைக்கு மேலே இருந்தது. அறுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். என் கணவர் எனக்கு முன்பே அங்கே போய், ஒரு இயந்திரத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருந்தவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. கடையின் சத்தத்துக்குப் பயந்து உள்ளூர்க்காரர்கள் யாரும் வராததால் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது.

இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலைச்சரிவில் ஏறிப் போகும் கல் படிக்கட்டும், அதன் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்களும் தெரியும். கரி அடுப்பு சமையலறையில் மட்டும்தான் இருந்தது. அதனால் குளிர்காலம் முழுவதும் நாங்கள் அந்த ஒரு அறையில்தான் சாப்பிட்டோம், படித்தோம், துணி உலர்த்தினோம். மகள் பிறந்த பிறகு அவள் தொட்டிலையும் அங்கேயே கொண்டுவந்து போட்டோம்.

அந்த அறையின் ஒரு சுவருக்குள்ளிருந்து சாயங்கால நேரங்களில் ஒரு சத்தம் வரும். விர்ரென்று ஏதோ சுழலும், பிறகு டக், டக், டக் என்று மூன்று முறை நிற்கும். யாரோ தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கணவரிடம் கேட்டபோது, கீழே கடையில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள், காசு போட்டால் தட்டுகள் சுற்றும், எண்கள் சேர்ந்தால் பணம் விழும் என்றார். தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவர் வேலை முடிந்து டிராமில் வருவார். தெருமுனையில் அவர் இறங்குவதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தோசைக்கல் இல்லாத ஊரில் இரும்பு வாணலியில் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டே கதவுச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அவர் மேலே வரமாட்டார். சுவருக்குள் சுழற்சி தொடங்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வாரங்கள் ஆயின என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அவர் ஆபீஸ் நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் தீப்பெட்டி தீர்ந்துவிட்டது. கீழே கடையில் கேட்கலாம் என்று இறங்கிப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் முதுகுதான் தெரிந்தது. ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆபீஸ் பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ், தொடாமல் இருந்தது. சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக வாங்கியது. அவர் கை ஒரு காசைப் போடும், பொத்தானுக்குப் போகும், நிற்கும், மறுபடி கோட்டுப் பைக்குள் போகும். நான் வந்ததோ, கடைக்காரம்மா எனக்குத் தீப்பெட்டி கொடுத்ததோ, நான் திரும்பிப் போனதோ எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அவர் குடித்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நோய்க்கு எங்கள் பக்கத்தில் பேர் இருந்தது. மாமனாருக்கு எழுதியிருக்கலாம், என் அண்ணனுக்கு எழுதியிருக்கலாம். சூதாட்டம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது சீட்டுக்கட்டும் ஒரு கும்பலும்தான். இங்கே கும்பல் இல்லை. சட்டப்படி அனுமதி வாங்கி மாட்டிய ஒரு பெட்டி. அதன் முன்னால் தனியாக நிற்கும் ஒரு மனிதர், படித்தவர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர். இதை நான் எந்த வார்த்தையில் எழுதுவேன்?

அதன் பிறகு சமையலறையில் உட்கார்ந்தபடியே கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. தட்டு நின்றதும் அமைதி என்றால் தோற்றார். சில்லறை கொட்டினால் ஜெயித்தார். முதலில் சில்லறைச் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, ஜெயித்தால் அவர் மேலே வருவதில்லை. விழுந்த காசெல்லாம் திரும்ப உள்ளே போய், பையும் காலியான பிறகுதான் மேலே வருவார். அதனால் நான் அவர் சீக்கிரம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். கட்டின கணவர் தோற்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பதில் ஒரு கூச்சம் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

ஒரே ஒரு முறை ஜெயித்த பணத்தோடு மேலே வந்தார். அந்த மெஷினில் சில எண்கள் ஒன்றாக வந்துவிட்டால் அடுத்தடுத்த ஆட்டங்களில் பணம் தொடர்ந்து கொட்டும். அப்படி ஒன்று அன்றைக்கு விழுந்து, கடை மூடும் நேரமும் வந்துவிட்டது. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து மேஜையில் அவிழ்த்தார். மகளைத் தூக்கிச் சுற்றினார். மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போய் ஒரு கருநீலக் கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோட்டை நான் வெறுத்திருக்க வேண்டும். ஆனால் பல வருடம் போட்டுக்கொண்டேன். அந்த ஊர்க் குளிர் அப்படி. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷமும் பொய்யில்லை.

அந்தச் சந்தோஷத்திலேதான் ஒருநாள் அவரிடம் கேட்டேன், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“ஆபீஸ்ல நான் ஒரு கோடு போட்டா மூணு பேர் வந்து அழிக்கிறாங்க. மீட்டிங்ல நான் ஒரு வாக்கியத்தை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க அடுத்த விஷயத்துக்குப் போயிடறாங்க. இது என்னோட ஜெர்மனைக் கேக்கறதில்ல. நான் அமுக்கினா நிக்குது.”

“நீங்க அமுக்கறதாலதான் நிக்குதா?”

“இல்லன்னு தெரியும். நான் இன்ஜினியர்தானே. உள்ள எப்படி இருக்கும்னு வரைஞ்சே காட்டுவேன்.” பிறகு, “தெரிஞ்சா போதும்னு நினைக்கறியா?” என்றார்.

அடுத்த குளிர்காலத்துக்குள் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை டிராமில் ஏறிப் பூங்காவுக்குப் போவது முதலில் நின்றது. பிறகு ஊருக்குப் பணம் அனுப்புவது நின்றது. கரி வாங்குவதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார். போதும், நிறுத்துங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அடுப்பைக் கொஞ்சமாக எரித்துக்கொண்டு, மகளைப் போர்வைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே சூடு இருந்த அந்த ஒரே அறையில் உட்கார்ந்து அந்தச் சுவரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து படுக்கையறைக்குப் போனால் சத்தம் இல்லை, ஆனால் குழந்தைக்குக் குளிரும். வெளியே போகலாம் என்றால் எங்கே போவது, யாரிடம் போவது? தமிழ் பேசுகிறவர்கள் என்று இரண்டு மாணவர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்கள் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டு மரியாதையாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். அவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா?

கடைசியில் கடைக்காரம்மாவிடம்தான் போனேன். அவர் கணவரை இழந்தவர், தனியாகக் கடையை நடத்தினார். பருத்த முன்கைகள். என்னிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்துப் பிரித்துச் சொல்வார். அந்த ஊரில் வாரம் ஒரு வீடு முறைவைத்து மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். எங்கள் முறை வந்த ஒரு காலையில் நான் படியைத் துடைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி வாளியில் போட்டுவிட்டு என்னைக் கடைக்குள் கூட்டிப்போனார்.

நாற்காலிகளை மேஜைகள் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், இனி அவரை விளையாட விடாதீர்கள் என்றேன். கடைக்காரம்மா கல்லாவிலிருந்து ஒரு பத்து பெனிக் காசை எடுத்து என் கையில் வைத்து, போட்டுப் பார் என்று மெஷினைக் காட்டினார்.

போட்டேன். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டுகள் சுழன்றன. கடைக்காரம்மா சொன்னபடி பொத்தானை அமுக்கினேன். முதல் தட்டு நின்றது, இரண்டாவதும் அதே எண்ணில் நின்றது. மூன்றாவது, வேண்டிய எண்ணுக்கு வந்து, நிற்பது போலக் காட்டி, ஒரு விரல்கடை தாண்டிப் போய் நின்றது. கொஞ்சம் முன்னாலேயே அமுக்கியிருந்தால் நின்றிருக்கும் என்று தோன்றியது. அடுத்த காசுக்காக என் கை தானாகவே நீண்டுவிட்டது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதுவரை அவர் மேல் கோபமும் என் மேல் பரிதாபமும்தான் இருந்தது. அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

அந்த மெஷின் தன்னுடையது இல்லை என்று கடைக்காரம்மா விளக்கினார். மாட்டிய கம்பெனியின் ஆள் காரில் வந்து திறந்து, விழுந்ததில் பாதியைத் தனக்குக் கொடுப்பான், அது இல்லாவிட்டால் கடையின் குத்தகையைக் கட்ட முடியாது என்றார். நான் துரத்தினால் உன் கணவர் அடுத்த தெருவுக்குப் போவார், அங்கேயும் இதே பெட்டிதான், இங்கே என்றால் எங்கே இருக்கிறார் என்றாவது உனக்குத் தெரிகிறதே என்றார். அவர் சொன்னதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் நான் எழுந்து போகவும் இல்லை. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, சுவர்ப் பக்கம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். ஒரு அட்டையில் ‘பழுது’ என்று எழுதி மெஷின் மேல் ஒட்டினார். ஒரு வாரம் மட்டும், கம்பெனி ஆள் வருவதற்குள் பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுவேன் என்றார்.

அந்த வாரம் என் கணவர் டிராமிலிருந்து இறங்கி நேரே மேலே வந்தார். முதல் நாள் விரல்களால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் மகளுக்கு ஒரு காகிதக் கொக்கு செய்து கொடுத்தார். அதற்கடுத்த நாள் அவரே ரசம் வைத்தார். சுவர் அமைதியாக இருந்தது. நான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தன் டூல் பையைத் தேடி எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். பாவம், அந்தம்மாவுக்கு மெஷின் ஓடாமல் நஷ்டம், நான் பார்த்துத் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் விர்ரென்று ஒரே ஒரு முறை சுழன்று நின்றது.

அவர் மேலே வந்து பையை மேஜையில் வைத்தார்.

“பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்காங்க,” என்றார்.

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

“நீ சொன்னியா?”

“ஆமாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எத்தனை தடவை சொன்னேன்.”

அவர் கோபப்படவில்லை. உபயோகிக்காத ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு துணியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஒயரைத் தொட்டுக்கொண்டே போய்ப் பிளக்கைக் கண்டுபிடித்தபோது அவர் நிமிர்ந்து கடைக்காரம்மாவைப் பார்த்தாராம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தனக்குத் தெரியவில்லை என்று கடைக்காரம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்குள் காலே வைக்கவில்லை. வேறு கடைகளுக்குப் போனார். இப்போது ஜன்னலில் நின்றாலும் அவர் டிராமிலிருந்து இறங்குவது தெரியாது. சுவரில் சத்தம் வந்தால் அது வேறு யாரோ. அந்தச் சத்தத்தையாவது நம்பி உட்கார்ந்திருந்தேன், இப்போது அதுவும் இல்லை. தள்ளுவண்டியில் மகளை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடிப் போவேன். அங்கே பியர்க்கடை ஜன்னல்களில் வெளியிலிருந்து உள்ளே தெரியாதபடி கெட்டியான வண்ணக் கண்ணாடி போட்டிருப்பார்கள். கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்தால் உள்ளே எல்லாத் தலையும் திரும்பும், புடவைக்கு மேல் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணைப் பார்க்கும். அவர் இல்லை என்றால் மூடிவிட்டு அடுத்த கதவுக்குப் போவேன்.

அப்படி ஒரு கடை வாசலில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருக்கும், ஜெர்மன்காரர், தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். நான் கதவில் கை வைக்கத் தயங்குவதைப் பார்த்து, “உன்னுடையவரும் உள்ளேதானா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், பெட்டிக்கு முன்னால் நிற்கிறார், தன்னுடையவர் வரிசையில் அடுத்து நிற்கிறார் என்றார். தன் கணவர் டிராம் ஓட்டுகிறவர் என்றும், ஷிப்ட் முடிந்தால் இங்கேதான் என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் கடையின் வெளிச்சுவரோரமாக நின்றோம். நான் அழவில்லை, அவரும் அழவில்லை. குழந்தையின் கையுறை கழன்றிருந்ததை மாட்டிவிட்டார். பிறகு, தான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், அங்கே ஆள் எடுக்கிறார்கள், மொழி அவ்வளவாகத் தேவையில்லை என்றும் சொன்னார்.

வேலை அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் அலைந்தேன். கிடைத்தபோது மகள் சர்ச் நடத்தும் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதுக்கு வந்திருந்தாள். ஆவியும் சலவைச் சோடா வாசனையும் நிறைந்த அந்தக் கூடத்தில் மலைமலையாகப் படுக்கை விரிப்புகளை மடித்தேன். காலையில் நான் சீக்கிரம் போக வேண்டும். சாயங்காலம் மகளைக் கூட்டி வருவது அவர் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். அதை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். அவளுக்கு வழியில் வெண்ணெய் ரொட்டி வாங்கிக் கொடுப்பார். இனி சரியாகிவிடும் என்று மறுபடியும் நினைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மெஷின்களுக்காகவே ஒரு கூடம் திறந்தார்கள். கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டி, உள்ளே கம்பளம் விரித்து, சுவர் முழுக்க வரிசையாகப் பெட்டிகள். கடிகாரம் கிடையாது. பகல் வெளிச்சமும் கிடையாது. ஆப்பிள் ஜூஸ் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பெட்டி சுழலும்போதே பக்கத்துப் பெட்டியிலும் காசு போடலாம். அவர் டிராம் மாறுவது அந்த இடத்தில்தான்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பள்ளிக்கு ஓடினேன். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். மகள் கோட்டும் தொப்பியும் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாற்காலிகளையெல்லாம் அடுக்கிவிட்டிருந்தார்கள். “அப்பா காசு எண்ணிக்கிட்டு இருப்பாரு,” என்றாள் அவள், டீச்சர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது போல, முதலில் ஜெர்மனில், பிறகு என்னிடம் தமிழில். அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி ஊழியர் விடுதியில் எனக்கும் மகளுக்கும் ஒரு அறை கேட்டேன். அவரிடம் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். பெட்டிகளை அவரே தூக்கி வந்தார். அறையின் ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்த்தார், ஆடிக்கொண்டிருந்த அலமாரிப் பலகையை இறுக்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று வாசலில் நின்று கேட்டார். பிரிந்திருப்பதைப் பற்றி ஊருக்கு நான் எதுவும் எழுதவில்லை. பழைய முகவரிக்கு வந்த கடிதங்களை அவர் கொண்டுவந்து கொடுப்பார், நாங்கள் இருவரும் சேர்ந்து பதில் எழுதுவோம், நலம் நலமறிய ஆவல் என்று.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், தன் சம்பளம் இனி என் பேரில் இருக்கும் பேங்க் கணக்குக்கே வரும்படி எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தன் கையில் காசே இருக்கக் கூடாது, அப்படியாவது திரும்பி வருகிறாயா என்றார். நான் போனேன். மலைமேல் வேறொரு வீடு எடுத்தோம். கீழே கடை எதுவும் இல்லை, ஒரு வயதான தம்பதிதான் இருந்தார்கள்.

அந்த வாழ்க்கையைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. டிராமுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நான் எடுத்து வைக்கும் காசை அவர் காலையில் வாங்கிக்கொண்டு போவார். முடிவெட்டவும் என்னிடம் காசு கேட்பார். சாயங்காலம் அவர் கோட்டை வாங்கி மாட்டும்போது பைகளைத் தடவிப் பார்ப்பேன், துணியை முகர்ந்து பார்ப்பேன். அவர் புகைபிடிப்பதில்லை, சிகரெட் நாற்றம் வந்தால் அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு முறை வந்தது. ஒருமுறை சாப்பாட்டுக் காசில், இன்னொருமுறை கைக்கடிகாரத்தை விற்று. கேட்டால் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு வரவில்லை. ஆனால் நான் முகர்வதை நிறுத்தவில்லை. கால்மணி தாமதமானால் எனக்குச் சமையல் ஓடாது. அவர் என் முகத்தைப் பார்த்தபடியே உள்ளே நுழைவார். அந்தக் காவலிலிருந்து அவரை நான் விடவில்லை. என்னையும் யாரும் விடவில்லை.

மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு கோடைக்கால மத்தியானம், பூங்காவில் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்கு முன்னால் நின்றோம். அப்பா வாங்கிக் கொடுங்கள் என்று அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விற்கிற பெண் கோனை நீட்டிவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. அவர் என் பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்தார். நான் பர்ஸைத் திறந்து அதில் காசை வைத்தேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மகள் விளையாடப் போன பிறகு, போதுங்க, அடுத்த மாசத்திலிருந்து உங்கள் சம்பளத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“வேண்டாம். நீயே வெச்சுக்க.”

“எத்தனை நாளைக்குங்க இப்படி?”

“தெரியல. டிராம்ல இறங்கி மாறும்போது எதிர்ப்பக்கமாத்தான் நடக்கறேன். அந்தக் கதவைத் திரும்பிப் பாக்கறதில்ல. ஆனா உள்ள எத்தனை மெஷின் ஓடுதுன்னு நடந்துகிட்டே காதுல கேட்டுட்டுத்தான் போறேன்.”

மறுநாள் காலையில் வழக்கம்போல அன்றைய காசை எடுத்து வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.